கடைசி ஆளின் தோளில் ஒரு கை

ஒருவரை எப்படிக் கைது செய்வது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. சட்டம் தெரியாததால் அல்ல. அந்தப் பிரிவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பழைய சட்டத்தில் நாற்பத்தாறு, புதிய சட்டத்தில் நாற்பத்து மூன்று. ஆள் வாயாலோ செய்கையாலோ பணிந்துவிட்டால் அவரைத் தொடக்கூட வேண்டாம். பணியாவிட்டால் உடலைத் தொட வேண்டும், இல்லையென்றால் நகரவிடாமல் அடைக்க வேண்டும். பலமாக எதிர்த்தாலோ தப்பப் பார்த்தாலோ, கைதுக்கு எவ்வளவு பலம் தேவையோ அவ்வளவு பயன்படுத்தலாம். அதற்கு மேல் ஒரு பிடிகூடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஒரு வடம்வலி, அதாவது வடத்தை இழுக்கும் போட்டியில் நான் அடித்த கூத்தை நினைத்துத்தான் சிரிக்கிறேன்.

போலீஸ் வேலையில் அது எனக்கு முதல் ஓணம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன், புரபேஷன் இன்னும் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவரை பேனா பிடித்தவர்களே உண்டு. சர்க்கார் குமாஸ்தாவின் மகன் சர்க்கார் குமாஸ்தா, அவர் மகன் எங்கள் அப்பா, அவரும் தாலுகா ஆபீசில் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவர். லாத்தி பிடித்த முதல் ஆள் நான். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் மூக்கை நுழைத்தபோது, "அரசாங்க வேலைதானே, பேனாவுக்குக் கொஞ்சம் நீளம் கூடுதல், அவ்வளவுதான்" என்று அப்பா சமாளித்தார்.

அந்த ஓணத்துக்கு எங்கள் எஸ்.ஐ.க்கு ஒரே ஒரு மனக்குறை. ஒற்றசேகரமங்கலத்து ரப்பர் பால் வெட்டுகாரன் ஒருவன்மேல் வாரண்டு கிடந்தது. குற்றம் பெரிதொன்றும் இல்லை. ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்சை நிறுத்திவிட்டார்கள் என்று நாலு பேராக ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்த வழக்கு. கூட உட்கார்ந்தவர்கள் கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவன் மட்டும் ஒரு வாய்தாவுக்கும் போகவில்லை. வீட்டுக்குப் போனால் காட்டில் இருக்கிறான் என்பார்கள், காட்டுக்குப் போனால் வீட்டுக்குப் போய்விட்டான் என்பார்கள். அப்படிப்பட்டவன் ஓணத்துக்கு முந்தின வாரம் சந்திப்பு சந்திப்பாக பிளெக்ஸ் போர்டில் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றான். வடம்வலி இறுதிப் போட்டி, இடம், நேரம், எல்லாம் அவன் படத்துக்குக் கீழேயே எழுதியிருந்தது. எஸ்.ஐ. ஜீப்பை நிறுத்தி அந்த போர்டை வெகுநேரம் பார்த்தார்.

செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் வாழை வெட்டி ஒழித்த ஒரு நிலத்தில் போட்டி. ஒரு பக்கம் ஒற்றசேகரமங்கலத்து ரப்பர் வெட்டுகாரர்கள் ஏழு பேர். மறுபக்கம் பூவார் கடற்கரையில் கரைமடி வலை இழுக்கிறவர்கள் ஏழு பேர். தினமும் விடிந்தால் கடலையே கரைக்கு இழுக்கிற கைகள் அவை. நாலு வருடமாக அவர்களை யாரும் ஜெயித்ததில்லை. பரிசு ஒரு முட்டன் ஆட்டுக்கிடாவும் ஆள் உயர ஏத்தன் வாழைக்குலையும். ஆடு மேடைக்கருகில் மாலையோடு நின்று குலையைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜீப்பை ரோட்டோரம் நிறுத்திவிட்டு எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டார். "நான் போனா கூட்டம் எளகும். நீ போ பிள்ளே, பெண்ணு போனா ஆரும் கை வைக்க மாட்டானுவ. தோளில தொடு, அரெஸ்ட்டுன்னு சொல்லு, கூட்டிட்டு வா. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

நானும் அதைத்தான் செய்யப் போனேன். கூட்டத்துக்குள் நுழைந்து முன்வரிசைக்கு வருவதற்குள் அணிக்கு ஒரு முறை ஜெயித்து, போட்டி மூன்றாவது இழுப்பில் வந்து நின்றிருந்தது. நான் தேடிய ஆள் அணியின் கடைசியில் இருந்தான். கடைசி ஆள் என்றால் தெரியும் இல்லையா, வடத்தைக் கக்கத்துக்குக் கீழே விட்டு முதுகில் சுற்றித் தோள் வழியாக எடுத்துப் போட்டுக்கொண்டு குந்தி நிற்பவன். அவன் சரிந்தால் முன்னால் நிற்கும் ஆறு பேரும் சரிவார்கள். நான் பின்னால் போய் அவன் தோளில் கை வைத்தேன். பயிற்சியில் சொன்னபடி தெளிவாக, சத்தமாக, "உங்களை அரெஸ்ட் செய்திருக்கு, வாரண்டு உண்டு" என்றேன்.

சத்தமாகச் சொன்னது தப்பாகிவிட்டது. மைக் பிடித்திருந்தவன் பக்கத்திலேயே நின்றான். "ஒற்றசேகரமங்கலத்தின் கடைசி ஆளை போலீஸ் அரெஸ்ட் செய்திருக்கு! அரெஸ்ட்! அரெஸ்ட்!" என்று அவன் ஆனந்தமாகக் கத்த, கூட்டம் விசிலடித்தது. இது ஏதோ போட்டியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போல.

அவன் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. "மேடமே, சம்மதிச்சு. நான் வாறேன். இந்த ஒரு வலி மட்டும் தீரட்டு, நானே வாறேன். சத்தியமாட்டு."

இந்த இடத்தில் சட்டப்படி கைது முடிந்துவிட்டது. அவன் வாயால் பணிந்துவிட்டான், நான் தொட்டும் விட்டேன். இனி ஒரு பலமும் தேவையில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அதே நொடியில் நடுவர் விசில் அடித்துவிட்டார்.

பதினாலு பேர் ஒரே நேரத்தில் வடத்தில் சாய்ந்தால் தரை அதிரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கடற்கரைக்காரர்கள் ஒரு கூவலுக்கு ஒரு இழுப்பு என்று வலை இழுக்கும் கணக்கிலேயே இழுத்தார்கள். ரப்பர்காரர்கள் சறுக்கத் தொடங்கினார்கள். என் கைதியும் சறுக்கினான். என் கை அவன் தோளில் இருந்தது, நானும் சறுக்கினேன். வைத்த கையை எடுக்கக்கூடாது என்பது பயிற்சியில் மூளைக்குள் அடித்து இறக்கிய பாடம். என் கைதி கண் முன்னால் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். நான் என்ன செய்வேன்? அவனுக்குப் பின்னால் கிடந்த வடத்தின் வாலைப் பிடித்தேன். பூட்ஸ் குதிகாலை மண்ணில் குத்தினேன். இழுத்தேன்.

முதல் இழுப்பு கைதியைக் காப்பதற்கு, அதைச் சத்தியம் செய்து சொல்வேன். இரண்டாவது இழுப்பிலிருந்து என்னால் சத்தியம் செய்ய முடியாது. தொப்பி எங்கோ பறந்தது. கொண்டை அவிழ்ந்தது. கூட்டம் "போலீஸே, வலி! வலி!" என்று என்னை இழுக்கச் சொல்லிக் கத்தியது. எனக்கு முன்னால் என் கைதி, "காலை விரிச்சு வை மேடமே, மேலே பாரு, வானத்தைப் பாரு!" என்று கற்றுக்கொடுத்தான். நான் வானத்தைப் பார்த்தேன். கையில் தோல் உரிகிறது, வயிறு எரிகிறது, உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பொங்கி வருகிறது. அப்படி ஒரு சந்தோஷம் அந்த வயது வரைக்கும் எனக்கு வந்ததே இல்லை. பரீட்சையில் தேறியபோது இல்லை, முதன்முதலில் காக்கி போட்டபோதும் இல்லை. அங்கிருந்து வடம் மெல்ல, அரிசி உலை கொதிப்பது போல நடுங்கி நடுங்கி, எங்கள் பக்கம் வந்தது. பிறகு ஒரேயடியாக வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன், என்மேல் என் கைதி விழாமல் பக்கத்தில் விழுந்தான்.

யார் யாரோ என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். நானும் கத்தினேன், குதித்தேன், ஆட்டைக்கூடக் கட்டிப் பிடித்தேன் என்று யாரோ எடுத்த வீடியோவில் பின்னால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கைதி எங்கே? கூட்டத்தில் காணவில்லை. மேடையில் இல்லை, குலையின் பக்கத்தில் இல்லை. தொப்பி இல்லாமல், தலைவிரிகோலமாக, சட்டை முழுக்கச் செம்மண்ணோடு ரோட்டுக்கு ஓடினேன்.

அவன் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். எஸ்.ஐ. முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எலே, நீயா வந்து ஏறினே?"

"ஆமா சாரே. என்னை அரெஸ்ட் செய்தாச்சு."

"அப்போ அரெஸ்ட் செய்தவ எங்கலே?"

"அவங்க அங்க ஆடிட்டு நிக்காங்க சாரே. இப்போ வந்துருவாங்க."

மறுநாள் அவனைக் கோர்ட்டில் ஆஜராக்கினோம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான், வழக்கு தீர்ந்தது. அவனுக்குக் கத்தாரில் வேலை தயாராக இருந்தது. வழக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று எங்கள் ஸ்டேஷன் எழுதிக் கொடுத்தால் பாஸ்போர்ட் கிடைக்கும், கிடைத்தால் போய்விடுவான். எல்லாம் சுபம் என்று நினைத்தேன்.

வீடியோ அதற்குள் பூவாரிலிருந்து களியக்காவிளை வரைக்கும் ஓடிவிட்டது. அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டி, "அந்தா, கடைசியில நிக்கது எனக்க மோளாக்கும்" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவும் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "மேலே இருந்து ஏதாவது கேட்டாங்களா?" என்றார். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு மூக்கு கூர்மை. இரண்டே நாளில் கேட்டார்கள்.

கடற்கரை அணி புகார் கொடுத்திருந்தது. போட்டியில் ஆள் கூடிவிட்டால் நடுவரிடம்தான் முறையிடுவார்கள். ஆனால் கூடின ஆள் போலீஸ் என்பதால் புகாரைப் போலீசில்தான் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். எட்டாவது ஆளாகப் போலீஸ்காரி இழுத்தாள், சீருடையில் இழுத்தாள், அரசாங்கத்து பூட்சைக் குத்தி இழுத்தாள், அதனால் தோற்றோம், நீதி வேண்டும். டி.எஸ்.பி. விசாரணைக்கு உத்தரவிட்டார். அதிகார பலத்தைத் தேவையில்லாமல் பயன்படுத்தினேன் என்று முடிவானால் என் புரபேஷன் அத்தோடு சரி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எஸ்.ஐ. என்னைத் தனியாக அழைத்துப் போனார். நல்ல மனிதர், என்னை அனுப்பியது தான்தானே என்று அவருக்கும் உறுத்தல். "ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும் பிள்ளே. எதிர்த்தான்னு சொல்லு. எதிர்த்தா பலம் பிரயோகிக்கலாம், சட்டத்திலேயே உண்டு. நீ தப்பிச்ச."

உண்மைதான். அந்த ஒரு வார்த்தையில் நான் தப்பிப்பேன். அதே வார்த்தையில் அவன்மேல் அரசு ஊழியரைத் தடுத்த குற்றம் விழும், பாஸ்போர்ட் நிற்கும், கத்தார் போகும். கைகால் கட்டாமல், ஒருவரும் பிடிக்காமல், தானாக வந்து ஜீப்பில் ஏறியவன் அவன். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவன் கொஞ்சமாவது ஓடியிருக்கக் கூடாதா?

டி.எஸ்.பி. ஒரு பெண்மணி. கனத்த உடம்பு, மெல்லிய குரல். பேசியதெல்லாம் மலையாளம், நான் தமிழில் சொல்கிறேன். அறைக்குள் கடற்கரை அணி ஏழு பேரும் வந்து நின்றிருந்தார்கள். புகாரை அணியாகக் கொடுத்ததால் அணியாகத்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் தலைவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மேடம் நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஏழு பேர் தோளும் சேர்ந்து அடைத்ததில் அந்த அறையில் காற்றே மிச்சமில்லை.

மேடம் நேராகக் கேட்டார்: "அவன் எதிர்த்தானா?"

எஸ்.ஐ. சொல்லிக்கொடுத்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லை மேடம். வர்றேன்னு வாயால சொன்னான்."

"தப்பப் பார்த்தானா?"

"இல்லை மேடம். எனக்கு முந்தி ஜீப்புக்கே போயிட்டான்."

"பிறகு எதற்குப் பலம்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்போதும் இப்படித்தான், பயம் உச்சிக்குப் போனால் ரோஷமாகிவிடும். "நான் அவனை இழுக்கவே இல்லை மேடம்! இவங்க இழுத்தாங்க. என் கஸ்டடியில இருந்த ஆளை இவங்க ஏழு பேரும் இழுத்தாங்க. நான் விடாம பிடிச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. மேடம் புகாரை எடுத்து மெதுவாக வாசித்தார். தோளில் கை வைத்து அரெஸ்ட் என்று போலீஸ்காரி சொன்னதை மைக்கில் நாங்கள் அனைவரும் தெளிவாகக் கேட்டோம் என்று அவர்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஆக, கைது செய்யப்பட்டவன் என்று தெரிந்தும் போலீஸ் கையிலிருந்து ஒரு ஆளை ஏழு பேர் சேர்ந்து இழுத்திருக்கிறீர்கள்."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "மாதாவே! மேடமே, அது வடமல்லே! நாங்க வடத்தைத்தான் வலிச்சது!"

"வடம் அவன் உடம்பில் சுற்றியிருந்ததே."

பின்னால் நின்ற ஒருவர், நாளைக்கு மடி வலை இறக்க வேண்டும், கேஸ் என்று வந்தால் எல்லாம் நின்றுபோகும் என்று முனகினார். மேடம் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. இவர்கள் உன் கைதியை விடுவிக்கப் பார்த்தார்கள் என்று சொன்னால் நீ பிடித்தது கடமை. உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வழக்கு எடுக்கட்டுமா?"

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கைகளையெல்லாம் அன்றுதான் பக்கத்தில் பார்க்கிறேன். வடத்தின் தழும்பும் வலையின் தழும்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. என் உள்ளங்கையில் உரிந்த தோல் அப்போதும் ஆறவில்லை.

"வேண்டாம் மேடம். அவங்க விளையாட்டுக்குத்தான் வலிச்சாங்க."

"அப்படியானால் நீ?"

அப்பாவின் முகம் ஒரு தடவை வந்து போனது. "நானும் விளையாட்டுக்குத்தான் மேடம்," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம், மூடவில்லை. "ஜெயிக்கணும்னு ஆக்கும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "மேடமே, நாங்க பரா​தியைத் திரிச்சு எடுக்கோம். இந்தப் பிள்ளைக்க வேலை போறது எங்களுக்கு வேண்டாம். ஒரு ரீமாட்ச் தந்தாப் போதும்."

ரீமாட்ச் தரத் தனக்கு அதிகாரமில்லை என்று மேடம் வருத்தத்தோடு சொன்னார். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்கள் வெளியேறினார்கள். தலைவர் கதவருகில் நின்று, "மோளே, காலு வச்சது கொள்ளாம்," என்று பாராட்டிவிட்டுப் போனார்.

நானும் சல்யூட் அடித்துத் திரும்பினேன். "நீ நில்லு," என்றார் மேடம். கதவைச் சாத்தச் சொன்னார்.

மேஜையில் என் புரபேஷன் ரிப்போர்ட் விரிந்து கிடந்தது, பேனா மூடி கழற்றிப் பக்கத்தில். புகார் போய்விட்டது, ஆனால் நான் ஒப்புக்கொண்டது போகவில்லையே. மேடம் எழுந்து, தன் நாற்காலியின் முதுகில் போட்டிருந்த வெள்ளை டவலை எடுத்து முறுக்கினார். நன்றாக முறுக்கி ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"அந்த ஆட்களை நான் பக்கத்தில் பார்த்துவிட்டேன். நீ எப்படி இழுத்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். பிடி."

பிடித்தேன். மேடம் இழுத்தார். காலேஜ் ஸ்போர்ட்ஸில் இரும்புக் குண்டு எறிந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பளபளத்த தரையில் நான் வழுக்கிக்கொண்டு மேஜை வரைக்கும் போய்விட்டேன். புத்தி உள்ளவர்கள் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் மேலதிகாரியிடம் தோற்றே பிழைத்திருக்கிறோம். விடு, விடு என்று என் ரத்தமே சொன்னது. மேடம் சிரித்தார், இவ்வளவுதானா என்பது போல ஒரு சிரிப்பு. நான் மேஜைக் காலில் பூட்சை முட்டுக் கொடுத்து, மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்து, சாய்ந்தேன்.

மேஜை நகர்ந்தது. மேடம் மேஜையைச் சுற்றிக்கொண்டு வேகமாக வந்து, பார்வையாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நாற்காலி அலமாரியில் போய் இடித்தது. சத்தம் கேட்டு வெளியில் நின்ற போலீஸ்காரர் கதவைத் திறந்து பார்த்து, பார்த்த வேகத்தில் சாத்திக்கொண்டார்.

நான் உறைந்துபோய் நின்றேன். மேடம் மூச்சு வாங்கியபடி ரிப்போர்ட்டை மடிக்கு இழுத்தார். ஒரு கையாலேயே எழுதி, ஒரு கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

"வேலை உன்னுடையது," என்றார். "இனி டவலை விடு."

அப்போதுதான் பார்த்தேன், நான் இன்னும் விட்டிருக்கவில்லை.